குட்டி போடாத காசு

கம்பம்மெட்டு ஏற்றம், காலை ஆறே கால்.
ஒன்பது பேர் உட்காரும் ஜீப்பில் பதினேழு பேர்,
பதினெட்டாவதாக நான்.
கட்டப்பனையில் ஒரு கல்யாணம்; பஸ்ஸை விட்டுவிட்டேன்.

சாவடியில் நிறுத்திவிட்டார்கள்.
முன்னால் நிற்கும் கோழி லாரிக்குக் காகிதம் சரியில்லையாம்.
சின்னமாயன் எஞ்சினை அணைத்தார்.
தூக்குச்சட்டிகள் ஒன்றையொன்று இடிப்பது நின்றது.

"சுரங்கத்துக்குள்ள எதையோ மோதவிட்டு
உலகமே வெடிச்சுரும்னு டிவில காட்டுனானே,
அங்கயா நீ வேல பாக்குற?"
ஒச்சம்மாள். ஏலக்காய்ச் சாறு ஏறிக் கறுத்த விரல்நுனி.

அங்கேதான் என்றேன்.
ஜீப் முழுக்க என்னைவிட்டு அரை அங்குலம் நகர்ந்தது,
நகர இடமில்லாமலே.

அதுவும் எல்லைச் சீமைதான் அக்கா.
நிலத்துக்கு அடியில் வட்டக் குழாய்,
விநாடிக்குப் பதினோராயிரம் சுற்று;
ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நாட்டைத் தாண்டும்,
சாவடி கிடையாது.
ஓடுகிற புரோட்டான் அத்தனையையும் அள்ளி எடை போட்டால்
ஓர் ஏலரிசியின் கோடியில் ஒரு பங்கு.
கொத்துக்குப் பதினோராயிரம் கோடிப் பேர்.
எதிரெதிரே இரண்டு கொத்து கடக்கும்போது
முட்டிக்கொள்வது ஐம்பது அறுபது ஜோடி.
மற்றதெல்லாம் இந்த வளைவில் நம் ஜீப்புகள் போல
கண்ணாடிகூட உரசாமல் போய்விடும்.
முட்டிய ஒரு ஜோடியின் வேகம்
இரண்டு கொசு மோதிக்கொண்ட மாதிரி.

"கொசுவா?"
பின் சீட்டில் யாரோ சிரித்தாள்.

பயமே இல்லை என்று சொல்லமாட்டேன்.
மொத்தக் கற்றையும் சேர்ந்தால் ஓடுகிற ரயில் அளவு.
தடம் மாறினால் செம்பில் ஓட்டை போடும்.
அதை வாங்கிக்கொள்ளக் கரிப்பாறை ஒன்று வைத்திருக்கிறோம்,
சூடாகும், அவ்வளவுதான்.
ரயில் இடித்தால் ஊர் எரிவதில்லை.
குண்டு வேறு. யுரேனியத்தில் ஒன்று உடைந்தால்
இரண்டு மூன்று துணுக்கு தெறித்து
அடுத்ததை உடைக்கும், அது அதற்கடுத்ததை...

"கந்துவட்டி" என்றாள் ஒச்சம்மாள்.

ஆமாம் என்றேன், ஆறு வருடம் படித்தவள்.

"அயத்துப்போனா குட்டி போடும்.
தூங்குனாலும் குட்டி போடும்.
ஒங்களோடது தெனக்கூலி.
கை ஓடுனாக் காசு, கை நின்னா இல்ல."

அப்படியேதான் அக்கா.
மோதல் இன்னொரு மோதலைப் பெறாது.
ஒவ்வொன்றுக்கும் கரண்ட் கட்டியாக வேண்டும்.
மின்பெட்டிக்குள் ஒரு பல்லி விழுந்தால் போதும்,
மூன்று நாள் உட்கார்ந்து சரிசெய்வோம்.
குண்டை நிறுத்த முடியாது.
எங்களுடையதை ஓடவைக்கத்தான் முடிவதில்லை.

"அப்ப எதுக்கு இம்புட்டுச் செலவு,
ரெண்டு கொசு மோத?"

சொல்லத் தொடங்கினேன்.
முன்னொரு காலம் எல்லாமே அவ்வளவு சூடாக இருந்தது,
எடை என்பது எங்கிருந்து வந்தது என்று...
கோழி லாரி நகர்ந்தது. எஞ்சின் உறுமியது.
நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் ஒச்சம்மாளின் போன் அடித்தது.
பெயரைப் பார்த்து வெட்டினாள்.
மறுபடி அடித்தது. வெட்டினாள்.
"குழுக் கடன். செவ்வாக்கெழம தவண."

ஒருத்தி கட்டாவிட்டால்
குழு கட்ட வேண்டும்.

வளைவு திரும்பும் முன்
அவளுக்கு இருபக்கமும் இருந்தவர்களின் போன் அடித்தது.
பிறகு பின் சீட்டில் நான்கு.