சும்மா

பதினான்காம் கேள்வி: தொழில்.

வெல்லம்பிட்டியில், கால்வாயை ஒட்டிய ஒழுங்கையில்
கதவுச் சீலையை ஒதுக்கிக்கொண்டு
றிஸ்மியா சொன்னா:
"ஒண்டுமில்ல மிஸ். சும்மாதான் ஈக்கிறேன்."

இடுப்பில் பிள்ளை.
உள்ளே, பாயோடு கிடக்கும் மாமனாருக்குக் கஞ்சி.
வாசலில் மூன்று வாளி:
குடிக்க ஒன்று, கழுவ ஒன்று,
குழாய் நின்றுபோகும் நாளுக்கு ஒன்று.
நான் எழுதினேன்: தொழில் இல்லை.
பேனை தடங்கவில்லை.
நானூற்றுப் பதினொரு வீட்டில் இதையே எழுதிய கை.

ஒழுங்கை முடிகிற இடத்தில் சதுப்பு.
அதற்கும் என்னிடம் ஒரு படிவம் இருந்தது.
கூட வந்த கிராம சேவகர் குடையால் சுட்டிக் காட்டினார்:
"அது சும்மா கிடக்கிற காணி.
லொறியில மண் கொட்டினா நாப்பது வீடு எழும்பும்."

சும்மா.
ஒரே காலையில் இரண்டாம் தரம்.

சும்மா கிடந்த காணி
பொரளையிலும் தெமட்டகொடையிலும்
முந்தநாள் பெய்த மழையை
அவசரமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது.
நாணலுக்குள் யாருடையவோ முட்டைகளை
மறைத்து வைத்திருந்தது.
பழைய டயரின் மேல் ஒரு கபரக்கொய்யா
வெயில் காய இடம் விட்டிருந்தது.
நில்மினி முழங்கால் தண்ணீரில் நின்று
கங்குன் கீரை பிடுங்கிக் கட்டினாள்.
கட்டுக்கு விலை உண்டு.
வளர்த்ததற்கு இல்லை.

பிறகொரு நாள் கொழும்பு ஏழில்,
குளிரூட்டிய மண்டபத்தில், சுற்றாடல் தினம்.
கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் உருகிச் சொன்னார்:
"களனி கங்கை எங்கள் தாய்."
கைதட்டல். மேசைதோறும் போத்தல் தண்ணீர்.
எனக்குள் ஏதோ உறுத்தியது.
தாய் என்று கூப்பிட்டுவிட்டால்
லீவு கொடுக்கத் தேவையில்லை.
சம்பளத்தாளில் பெயர் தேவையில்லை.
அழுக்கை எறியலாம்,
துவைத்துத் தருவாள் என்று இருக்கலாம்.
றிஸ்மியாவிடம் சொன்னபோது அவ சிரிக்கவில்லை.
"தாயெண்டா முதுகு நோகும்தானே மிஸ்.
ஆத்துக்கிட்ட யாரு கேட்டாங்க?"

ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம்.
பெண்ணாய்ப் பிறந்ததால்
தவளை எங்களிடம் இரகசியம் சொல்வதில்லை.
எங்கள் இரத்தத்தில் எந்தக் காடும் இல்லை.
வாளி எங்கள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.
அதனால் தண்ணீரின் நிறம் மாறுவது
எங்களுக்கு முதலில் தெரிகிறது.
வாளி கை மாறினால்
அவருக்கும் தெரியும்,
அந்தக் கழுத்துப்பட்டிக்காரருக்கும்.

மே மாதம். சதுப்பில் பாதிக்குமேல் மண் விழுந்திருந்தது.
மழை வழக்கமான மழைதான்.
தண்ணீர் வந்து தன் இடத்தைத் தேடியது,
அங்கே மதில் நிற்கக் கண்டு
ஒழுங்கைக்குள் திரும்பியது.
தொழில் இல்லாத பெண்கள்
அரிசியை அலுமாரிக்கு மேல் ஏற்றினார்கள்.
மாமனாரைக் கதவுப் பலகையில் கிடத்திக் காவினார்கள்.
பள்ளிவாசல் மாடியில் மூன்று நாள்
வந்த எல்லோருக்கும் சமைத்தார்கள்.
பிறகு ஒன்பது நாள் சேறு வழித்தார்கள்.
நட்டஈட்டுப் படிவத்தில்
தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு கட்டம் இருந்தது.
ஒன்பது நாளுக்கு இல்லை.
சதுப்புக்கும் இல்லை.

அன்றிரவு கொட்டாஞ்சேனை அறையில்
பழைய விடைகளை வெட்டி எழுதினேன்.
றிஸ்மியா: நீர், நெருப்பு, நோயாளி, பிள்ளை, சேறு.
சதுப்பு: மழை, முட்டை, கீரை, கொழும்பு.

சிவப்பு மையோடு திரும்பி வந்தது:
இதற்குக் குறியீடு இல்லை. தெளிவாக எழுதவும்.

மறுபடி போனேன். றிஸ்மியா குழாயடியில்.
"இந்தாங்க, இதக் கொஞ்சம் புடிங்க.
பொறகு கேளுங்க."

பிடித்தேன்.
கைப்பிடிக் கம்பி விரலுக்குள் இறங்கியது.
தண்ணீர் இலேசான தேயிலை நிறம்.
கக்கத்தில் படிவம் நனைந்துகொண்டிருந்தது,
பதினான்காம் கட்டம் வெறுமையாக.