இரண்டு லாட், பதினேழு சந்தீம்

இங்கே யாரும் மேடையேறி
ஒரு தரம், இரண்டு தரம் என்று
தொண்டை வறளக் கத்துவதில்லை.
ரீகாவில், மூடிப்போன வங்கிக்கு மேலே மூன்றாம் மாடி.
ஒரு மேசை, ஒரு திரை, நான்.
இரவுப் பணி. காப்பி இலவசம்.

இந்த வாரச் சரக்கு ஒரு சலவை இயந்திரம்.
கடையில் இருநூற்று நாற்பது லாட்.
இங்கே, மிகக் குறைவாகக் கேட்டவருக்கு.
ஒரே ஒரு நிபந்தனை:
அந்தத் தொகையை வேறொருவர் கேட்டிருக்கக் கூடாது.
ஊரோடு ஒத்துப்போனால் தோற்பாய்.

ஒரு சந்தீம் என்று கேட்டவர்கள் நூற்றுப் பத்துப் பேர்.
நூற்றுப் பத்துப் பேரும் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டார்கள்.
புத்திசாலிகள் ஏழு என்றார்கள், பதின்மூன்று என்றார்கள்.
ரொம்பப் புத்திசாலிகள்,
எல்லோரும் ஒதுக்கியிருப்பார்கள் என்று
மறுபடி ஒன்றுக்கே வந்தார்கள்.
யார் எதைக் கேட்டார் என்பது யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும்.

ஒரு முறை கேட்க ஐம்பது சந்தீம்.
கேள்விகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
நான்கு இயந்திரங்களின் விலை.
ஒன்று வெளியே போகும்,
மூன்று முதலாளி தாலிவால்திஸின் பைக்குள் சுழலும்.

லியெபாயாவிலிருந்து வெல்கா சீருலே
ஏலம் தொடங்கிய அன்றே எழுதியிருந்தாள்:
மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை,
அந்த வாடை இந்த இயந்திரத்தில் போகுமா?
விதி ஆறைப் பதிலாக அனுப்பினேன்.
பொருளின் குணத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல.

பிறகு அவள் கேட்டாள், இரண்டு லாட் பதினேழு.
அதற்குக் கீழே எல்லாம் இரட்டை, மும்மடங்கு, நெரிசல்.
அந்த எண்ணில் மட்டும் ஒரே ஒருத்தி.
ஒன்பது நாள் அவள் கைப்பேசிக்கு
ஒரே வரி போய்க்கொண்டிருந்தது:
உங்கள் கேள்வி தனித்தது, தாழ்ந்தது.

பத்தாம் நாள் இரவு பதினொன்று பதினான்கு.
அயர்லாந்து, ட்ரோஹெடா.
ஓயார்ஸ் சீருலிஸ்.
இரண்டு லாட் பதினேழு.

எங்கள் நாட்டில் ஒரே குடும்பப் பெயர்
பெண்ணுக்கு ஏயில் முடியும்,
ஆணுக்கு இஸ்ஸில்.
திரையில் இரண்டு வரிகளும்
ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாயின.

அவள் உடனே எழுதினாள்.
என் எண்ணை எடுத்தது யார்?
விதி ஒன்பது: கேட்டவர் விவரம் வெளியிடப்படாது.
அனுப்பினேன்.

இருநூற்றுப் பதினேழு என்ன எண்?
விடுதி அறையா, பேருந்துத் தடமா,
குழந்தை பிறந்தபோது மணிக்கட்டில் கட்டிய அட்டையா?
எனக்குத் தெரியாது.
என் பட்டியலில் காரணம் எழுதக் கட்டமில்லை.
ஒருவேளை ஒரு காரணமுமில்லை.
பெயர் ஒற்றுமை, விரல் தவறியது, அவ்வளவுதான்.

பதினொன்று முப்பது. லியெபாயா.
மறுபடி இரண்டு லாட் பதினேழு.
இதை ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள், தொடரவா
என்றது இயந்திரம்.
ஆம் என்றாள்.

செத்த எண் அது. வெல்லாது.
சிறு பிள்ளைக்கும் புரியும்.
பதினொன்று முப்பத்தெட்டு. ட்ரோஹெடா.
இரண்டு லாட் பதினேழு.
தொடரவா? ஆம்.

பதினொன்று நாற்பது, அவள்.
நாற்பத்தொன்று, அவன்.
ஐம்பது சந்தீமுக்கு ஒரு வார்த்தை,
அதுவும் அதே வார்த்தை.
பிழையென்று மேலே தெரிவித்திருக்க வேண்டும் நான்.
காப்பி ஆறிப்போயிருந்தது.

ஐம்பத்தொன்பதில் அவள் ஒரு முறை.
பிறகு நள்ளிரவு.

இயந்திரம் யெல்காவாவில் ஒரு பல் மருத்துவருக்குப் போயிற்று,
இரண்டு லாட் முப்பத்தொன்றுக்கு.
அவர் நன்றி சொல்லிப் படம் அனுப்பினார், பெட்டியோடு.

ஏலம் மூடி நாற்பது விநாடி கழித்து
ட்ரோஹெடாவிலிருந்து இன்னொன்று வந்தது.
என் திரையில் மட்டும்.
அவளுக்குத் தகவல் போகவில்லை.
காலம் கடந்த கேள்விகள் ஏற்கப்படா,
கட்டணமும் பிடிக்கப்படாது.

அந்த ஒன்று இலவசம்.