ஏழாம் தடம்

இரவு ஷிஃப்ட் முடிந்து
கட்டுப்பாட்டு அறையின் மொட்டைமாடியில்
இரண்டு பாய் விரிக்கிறோம்.
முபீனா நான்காம் தடம். நான் ஏழு.
கீழே கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி
நாங்கள் இல்லாமலும் இயங்குகிறது.

எட்டு மணி நேரம் ஒரே ஜன்னலுக்கு
நீண்டு நீண்டு மடங்கிய வலது கை
தலைக்கு மேலே போக மறுக்கிறது.
தோளுக்குள் எங்கோ
எண்ணெய் காணாத கீல் ஒன்று முனகுகிறது.
குனிவதில் மட்டும் முபீனா என்னை முந்துவாள்:
"அஞ்சு வேளையும் குனியறவடி நான்."
பிறகு இருவருமே சிரித்து
மூச்சைத் தவறவிடுவோம்.
மறுபடி ஒன்றிலிருந்து.

முதலில் நான் தியானம்தான் செய்து பார்த்தேன்.
ஆற்றங்கரையை நினை என்றது போனில் ஒரு குரல்.
எனக்குத் தெரிந்த ஆறு தென்பெண்ணை,
அதுவும் நுரை மிதந்த நாளில் பார்த்தது.
கண்ணை மூடியதும் நுரைக்கு மேலே
அண்ணன் வந்து நின்றான்,
கையில் விடுதலைப் பத்திரம்.
"சந்தூர்த் தோப்புல பங்கு வேணாம்னு
ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே."
முதுகு வலித்தது. பத்திரம் வலித்தது.
எது எதுவென்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

அப்புறம் ஆசனம் மட்டும், ஒரு மாதம்.
உடம்பு இளகியது, உண்மை.
இளகிய உடம்போடு அதே சண்டையை
இன்னும் வசதியாகப் போட்டேன்.

இரண்டையும் சேர்த்தது நானில்லை.
மாசியில் ஒரு நாள்
புஜங்காசனத்திலிருந்து இறங்கி
கன்னத்தைச் சிமெண்டில் வைத்துக் கிடந்தேன்.
தரை அதிர்ந்தது.
கிரானைட் பாளம் ஏற்றிய ஏதோ வண்டி.
அதிர்வு தாடையில் ஏறி
விலாவில் இறங்கி
போய்விட்டது.
அடுத்தது வந்தது. அதுவும் போனது.
நான் வசூலிக்கவில்லை,
எத்தனை அச்சு என்று பார்க்கவில்லை.
எழுந்து அப்படியே சம்மணமிட்டேன்.
அண்ணன் வந்தான்,
வழக்கமான நேரம், வழக்கமான சட்டை.
கட்டையைத் தூக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து முதலில் உடம்பைக் கேட்கிறேன்:
எங்கே பிடிப்பு, எந்தப் பக்கம் கனம்.
அது தன் வழக்கைச் சொல்லி முடித்தபின்தான்
மனசை உட்காரக் கூப்பிடுகிறேன்.
பாதி நாள் வராது.
வந்தால் பஸ் பாஸ், கழுவாத டிபன் பாக்ஸ்,
தம்பி மகளின் காதுகுத்து எல்லாம் கூடவே வரும்.
முபீனா ஃபஜ்ர் தொழுதுவிட்டு மாடியேறுகிறவள்.
பக்கத்தில் அவள் விடும் மூச்சு
சில நாள் என்னுடையதையும் இழுத்துப்போகும்.

நேற்று இரவு இரண்டே கால்.
நாமக்கல் பதிவெண் லாரி, மாங்கூழ்ப் பீப்பாய்கள்.
டேக் படிக்கவில்லை.
பின்னால் ஒன்பது வண்டி, ஒன்பது ஹாரன்.
டிரைவர் என் அம்மாவை இழுத்துப் பேசினார்.
கைக்கருவியோடு இறங்கிப் போய்
கண்ணாடியை நோக்கித் தூக்கிய கை
அரை அடி கூடுதலாக உயர்ந்தது.
அதைத்தான் முதலில் கவனித்தேன்.
வசவு காதில் விழுந்தது
வெளிமூச்சின் கடைசியில்,
கொஞ்சம் தாமதமாக.
அந்தத் தாமதத்தில் ஒரு ஆள் உட்காரலாம்.
உட்கார்ந்தேன், நின்றபடியே.
பீப். பச்சை. அவர் போனார்.
நிம்மதி என்று இதைச் சொல்ல மாட்டேன்.
சொன்னால் முபீனா சிரிப்பாள்.

இன்று காலை கேட்கிறாள்:
"கையெழுத்துப் போடப் போறியா?"
"இல்ல."
"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"
"இல்ல."
"பயமா?"
மூச்சை இழுக்கிறேன்.
தூரத்தில் கோட்டை மலைப் பாறைமேல்
வெயில் ஒரு பக்கமாக ஏறுகிறது.
"ஆமா" என்கிறேன், விட்டபடி.
சரியான சில்லறை வாங்கியவள்போல் தலையாட்டி
கால்களை நீட்டிப் படுத்துக்கொள்கிறாள்.
நானும்.
பாயைத் தாண்டிய என் குதிகால்கள்
சிமெண்டில் படுகின்றன.
ஏதோ பெரியதொன்று
பெங்களூர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.