எலும்புக் கருப்பு

ஒரே தாள், ஏழு கேள்விகள்.
விநியோகித்துவிட்டு மிஸ் ஓங்
கோப்பி வாங்கக் கீழே போய்விட்டார்.
பர்மா சாலையின் இரைச்சல்
சன்னல் வழியே மேலேறி வந்து
எங்கள் ஈசல்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது.

பெயர். பிறந்த ஊர்.
பட்டர்வொர்த் என்று எழுதும்வரை பேனா ஓடியது.
மூன்றாவதில் நின்றது:
உன் நம்பிக்கை
உன் ஓவியத்தில் எங்கே இருக்கிறது?

யுகேந்திரன் ஒரு வேலை வரைந்து
அம்புக்குறி போட்டு
"இதோ" என்று எழுதிவிட்டுக்
கைப்பேசியை எடுத்துக்கொண்டான்.

ஹஃபீசா எழுதவில்லை.
தூரிகைப் பையை அவிழ்த்து
தாளின்மேல் பரப்பி வைத்தாள்.
பதினொரு தூரிகைகள், அத்தனையும் நைலான்.
முதல் வருடம் சூலியா தெருக் கடையில்
ஒவ்வொன்றாய்த் தூக்கி
இது பன்றிமயிரா, இது பன்றிமயிரா என்று
கடைக்காரரைக் குடைந்தவள்.
வெளியே நின்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

எனக்கு அன்று விரதம் முப்பத்தொன்றாம் நாள்.
நேர்த்தி அம்மாவுடையது,
தம்பியின் சிறுநீரகத்துக்காக.
பசி மட்டும் என்னுடையது.
முருகன் இருக்கிறானா என்று
நான் யாரிடமும் கேட்டதில்லை;
இல்லை என்று சொல்லிவிட்டால்
தயிர்ச்சோறு இறங்காது.

என் ஈசலில் பாதி முடிந்த படம்:
தைப்பூச இரவு, இரதம் போன பிறகு.
சிதறிய தேங்காய்ச் சில்லுகளை
மண்வெட்டியால் அள்ளும் நகராட்சி ஆட்கள்,
இளநீரில் ஊறிய தார்ச்சாலை.
அந்தச் சாலைக்குத்தான்
கருப்பைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன்.

சியூ லிங் டியூபைத் திருப்பிப் பார்த்தாள்.
சின்ன எழுத்தை உரக்கப் படித்தாள்.
"எலும்புக் கரி. மாட்டெலும்பாம்.
நீதான் முட்டைகூடத் தொடமாட்டியே?"

வகுப்பே சிரித்தது.
ஹஃபீசா மட்டும் சிரிக்கவில்லை.

முட்டாள்தனம்தான்.
யார் தின்னப்போகிறார்கள் சாலையை?
ஆனாலும் மூடியைத் திருகி மூடினேன்.
கை, என்னைக் கேட்காமல்,
நீலத்தை எடுத்தது. பழுப்பை எடுத்தது.
குழைத்தது, சேறானது, சுரண்டி எறிந்தேன்,
மறுபடி குழைத்தேன்.
மிஸ் ஓங்கின் கோப்பி ஆறிப்போன நேரத்துக்குத்தான்
தட்டில் ஓர் இருட்டு திரண்டது.
முழுக் கருப்பில்லை.
அடியில் எங்கோ ஈரம் இருந்தது.

சில்லுகளுக்கு இடையில் அதைத் தடவினேன்.
சாலை நனைந்தது.

மூன்றாம் கேள்விக்கு நேரே
"தார்" என்று எழுதிக் கொடுத்தேன்.
மிஸ் ஓங் அதைச் சுற்றி வட்டம் போட்டார்.
சரியா தவறா என்று சொல்லவில்லை.
அவருடைய தாளும் மேசைமேல் கிடந்தது,
மூன்றாவதுக்குக் கீழே வெறுமை.

பூசம் முடிந்தது.
தண்ணீர்மலைப் படிகளில் அம்மா அழுதாள்,
நான் குடம் சரியாமல் பார்த்துக்கொண்டேன்.
அடுத்த நாள் மாமாக் கடையில்
கோழிக் குழம்பு, இரண்டு ரொட்டி.
தம்பி இன்னும் வாரம் மூன்றுமுறை
ஊசிக்குக் கை நீட்டுகிறான்.

எலும்புக் கருப்பு இழுப்பறையில் கிடக்கிறது.
திறக்கவில்லை, வீசவுமில்லை.

நேற்று ஹஃபீசா வந்து
என் சாலைமுன் வெகுநேரம் நின்றாள்.
"நீலம் எவ்வளவு, பழுப்பு எவ்வளவு?"
அளவைச் சொல்ல வாயெடுத்தேன்.
எனக்கே தெரியவில்லை.
"அன்றைக்குப் பசி" என்றேன்.
அவள் தலையாட்டினாள்,
எழுதிக்கொள்பவளைப் போல.