11.42

லொஹாட்லாவில் முதல் இலக்கை
அழகாகத்தான் அடித்தோம்.
ஆளில்லாத குட்டி விமானம், ஆரஞ்சு வால்.
நாங்களே ஏவி நாங்களே வீழ்த்தியது.
கூடாரத்துக்கு வெளியே நான்கு நாட்டுச் சீருடைகள் கைதட்டின.
சாம்பிய மேஜர் மட்டும் மணி பார்த்தார்.

இரண்டாவது குன்றுக்குப் பின்னிருந்து
தாழப் பறந்து வந்தது.
திரையில் கல்கௌதாரிக் கூட்டம் போலத் தெரிந்தது.
'பறவை' என்று குறித்தேன்.

நடுவர் உள்ளே வந்தார்.
வெள்ளைக் கைப்பட்டை, கையில் ஓர் அட்டை.
"ஆறு பேரும் இறந்துவிட்டீர்கள்.
வெளியே போய் உட்காருங்கள்."

பதிவேடு என் பொறுப்பு. எழுதினேன்:
சார்ஜென்ட் படையாச்சி, ரேடார், 11.42.
கையெழுத்தும் போட்டேன்.

இறந்தவர்களுக்கு ஒரு முள்மரத்து நிழல்,
ரொட்டி, டின் மீன், வெயிலில் காய்ந்த கோக்.
செத்தவர் வயர்லெஸைத் தொடக்கூடாது,
உயிரோடிருப்பவரிடம் வாய் திறக்கக்கூடாது. விதி.
மூன்றாவது எங்கள் தலைக்கு மேலேயே போனது.
அண்ணாந்து பார்த்தோம்,
ரொட்டியை மென்றபடி.

நமீபியாக்காரன் தங்கேனி
என் பெயருக்கு என்ன பொருள் என்றான்.
படையை ஆள்பவர், என்றேன்.
டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது
அந்தப் பெயர்க்காரரிடம் இருந்தது ஒரு துணிமூட்டை.
பிறகு கரும்பு வெட்டிய கத்திகூட
தோட்டத்துரையுடையது.
தங்கேனி சிரித்தான்.
பிணம் சிரிக்கலாமா என்று நடுவர் முறைத்தார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று
சாட்ஸ்வர்த்தில் அம்மா எதற்கெடுத்தாலும் சொல்வாள்.
எய்தவன் எதிர்க்குன்றில்தான் இருக்கிறான், எங்கள் பியெட்.
ராத்திரி அவன்தான் இறைச்சி சுடப்போகிறான்,
எனக்கு ஒரு துண்டு கூடுதலாக வைப்பான்.

நோக வேண்டியவள் யாரென்று எனக்குத் தெரியும்.
ஏழு வாரமாக இந்த வானத்தைப் பார்க்கிறேன்.
கல்கௌதாரி பத்து மணிக்குள்
குட்டையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடும்.
பதினொன்றே முக்காலுக்கு வராது.
யாரிடமும் சொல்லவில்லை.
செத்தவர் பேசக்கூடாதல்லவா.

இரண்டு மணிக்கு நடுவர் திரும்பி வந்தார்.
"அடுத்த சுற்றுக்கு ஆள் போதவில்லை.
எழுந்திருங்கள், உயிர் வந்துவிட்டது."
பின்பக்கம் ஒட்டிய செம்மணலைத் தட்டிவிட்டு
வரிசையாய் உள்ளே போனோம்.

உயிர் வந்த நேரத்தை எழுதப்
பதிவேட்டில் கட்டம் இல்லை.
என் சாவுக்குக் கீழே ஒரு வரி விட்டு
14.05 என்று தொடங்கினேன்.

திரையின் ஓரத்தில், குன்றையொட்டி,
பொடிப்பொடியாய் ஏதோ நகர்ந்தது.

மணி பார்த்தேன்.