நகம் பதியும் மரம்

சுங்கை காடுட் கடையில்
ஷு ஹுய் சொன்னது மலாய்ப் பெயராம்.
என் காதில் "செங்கல்" என்று விழுந்தது.
வீட்டுக்குக் கொண்டுவந்து
உளி வைத்துத் தட்டிய பிறகு தெரிந்தது,
காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.
மரத்தில் ஒரு கோடு விழவில்லை.
ஏழாம் மாடியில் குழந்தை விழித்துக்கொண்டது.

மணி ஒன்றேகால்.
கடைசி பஸ்ஸை உட்லண்ட்ஸில் விட்டுவிட்டு
குளித்து, சாப்பிட்டு, உட்கார
எனக்கு அந்த நேரம்தான்.
அதற்குத் தூங்கவும் அந்த நேரம்தான்.

பிறகு தேக்கு.
புளோக்குக் கீழே யாரோ வீசிய கட்டிலின் கால்.
கத்தியின் முனையை மூன்றே இரவில் தின்றது.
செதுக்கியதைவிடத் தீட்டியது அதிகம்.

பெருமழைக்கு மறுநாள் அங்சானாக் கிளை,
நம் வேங்கைக்குச் சித்தப்பா மகன்.
அறுத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.
பச்சையில் வெண்ணெய்.
காயக் காய
மைனாவின் கழுத்தில் பட்டென்று விரிந்தது.
அந்தச் சத்தமும் கீழே கேட்டிருக்கும்.

மறுபடி சுங்கை காடுட்.
இந்தமுறை பெயர் கேட்கவில்லை.
ஒவ்வொரு துண்டாக எடுத்துக்
கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன்.
"அங்கிள், இது பழக்கடை இல்லை" என்றாள் ஷு ஹுய்,
கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஒன்றில் நகம் பிறையாய்ப் பதிந்தது.
வெளிறிய மஞ்சள், வாசமில்லை,
எதையும் காட்டிக்கொள்ளாத முகம்.
ஜெலுத்தோங்.
நடுவே பால் ஓடிய கீறல் ஒன்று;
அதைத் தள்ளி அறுத்துத் தந்தாள்.
நாலு வெள்ளி.
அந்தப் பாலில்தான் ஒரு காலத்தில்
சூயிங்கம் செய்தார்களாம்.
இந்த ஊரில் மெல்லக் கூடாததை
மடியில் வைத்துக்கொண்டு
எம்ஆர்டியில் வந்தேன்.

அன்றிரவு சுத்தியல் வேண்டியிருக்கவில்லை.
சின்னக் கத்தி, பின்னாலிருந்து தள்ளும் கட்டைவிரல்.
வெங்காயத் தோல் உரியும் சத்தத்தில்
சுருள் சுருளாக எழுந்து வந்தது.
நிறுத்திவிட்டுக் கீழே காது கொடுத்தேன்.
மின்விசிறி மட்டும்.

நல்ல மரம் எது என்றால்
ரேகையைப் பார் என்கிறார்கள், ஈரத்தைப் பார் என்கிறார்கள்.
நான் எட்டாம் மாடியில் இருக்கிறேன்.

மறுபடியும் மைனாதான் நினைத்தேன்.
வந்தது, அலகு வைத்த கறிபாப்.
மின்தூக்கியில் ஹஸ்லிண்டாவிடம் காட்டினேன்.
அவள் சிரிப்பை அடக்குவதற்குள்
இடுப்பிலிருந்தவன் பறித்து வாயில் வைத்தான்.
நல்லவேளை, வார்னிஷ் அடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஈரமாக இருந்தது.
வால் பக்கம்
அரிசி அளவில் ஒரு பள்ளம்.
முதல் பல்.