மூடுபனி இருந்தால்

முதல் பாடக்குறிப்பில்
நிமிடங்களை ஸ்கேல் வைத்துப் பிரித்திருந்தேன்.
ஆர்வமூட்டல் ஐந்து. அறிமுகம் ஐந்து.
விளக்கம் பதினைந்து. மதிப்பீடு பத்து.
பச்சை ஸ்கெட்ச்சில் தலைப்பு: திசைகள், நான்காம் வகுப்பு.
பயிற்சி ஆசிரியர்: கோ. சௌடேஸ்வரி.
அந்தப் பெயரைக்கூட
இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன்.

குகையிலிருந்து விடியலில் கிளம்பி
ஏர்க்காடு பஸ்ஸில்
இருபது கொண்டை ஊசிக்கும்
மடியில் சார்ட் கசங்காமல் காத்தேன்.
பிறகு ஜீப். பிறகு காப்பிச் செடிகளுக்குள் ஒற்றையடி.
ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பதினேழு பிள்ளைகள்.
நான்காம் வகுப்பு என்பது
ஜன்னலோரத்து நாலு பேர்.

சேலம் எந்தத் திசையில் இருக்கிறது?
எதிர்பார்க்கப்படும் விடை: தெற்கு.
"கீழ" என்றான் சேர்வராயன்.
"கீழதான் டீச்சர்" என்றாள் துளசிமணி.
சரி, உன் வீடு?
"மேல."
மேல கீழ எல்லாம் திசை இல்லை என்றேன்.
நாலு நோட்டிலும் சிவப்பில் பெருக்கல் குறி.
பதினைந்து நிமிட விளக்கம்
ஆறு நிமிடத்தில் தீர்ந்துபோனது.
மீதி ஒன்பது நிமிடமும்
சார்ட்டில் இருந்த அம்புக்குறியும் நானும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறங்கும் பஸ்ஸில்
வெயில் என் இடது கன்னத்தில் இருந்தது.
அடுத்த வளைவில் வலது.
அடுத்ததில் மறுபடி இடது.
எட்டு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.
அன்று ராத்திரி
கிழக்கு என்று எழுதிப் பார்த்தேன்.
உள்ளே குறுகி உட்கார்ந்திருந்தது கீழ்.
மேற்குக்குள் மேல்.
யாரோ எப்போதோ ஒரு சரிவில் நின்று
சேர்வராயனைப் போலவே பதில் சொல்லியிருக்கிறார்கள்.
அவர்களுக்கு யாரும் பெருக்கல் குறி போடவில்லை.

இரண்டாவது குறிப்பைப் பென்சிலில் எழுதினேன்.
பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய்
சூரியனைப் பார்த்து நிற்கவைத்தல்.
தேவைப்படும் பொருள்கள்: சூரியன்.
எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டேன்.

சூரியன் வரவில்லை.
பனி வாசல் வரை வந்தது, அப்புறம் உள்ளேயும் வந்தது.
கொடிக்கம்பத்தில் பாதியைக் காணோம்.
கைகளை நீட்டியபடி நாலு பேரும் நானும்
கிழக்கே இல்லாத ஒரு முற்றத்தில்.
போகலாம் என்று திரும்பினேன்.
"ஓடை அந்தாண்ட கேக்குது டீச்சர்,
அப்ப எங்க வீடு இந்தாண்ட" என்றாள் துளசிமணி.
சேர்வராயன் மூக்கைத் தூக்கி
காப்பிப் பழத்தோல் புளிக்கும் பக்கத்தைச் சொன்னான்.
ஒரு வாரமாக வாயே திறக்காத ரஞ்சனி
காட்டுமாடு இறங்கிப்போன தடத்தைக்
காலால் காட்டினாள்.
ஈர மண்ணில் குச்சியால் வரைந்தார்கள்:
ஓடை, வாடை, மாடு.
வடக்கு எங்கே என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும், பாடமே அதுதான்.
மணி அடித்துவிட்டார்கள்.

மூன்றாவது குறிப்பு
அந்த மண் படத்திலிருந்து தொடங்கியது.
அண்ணனின் பைக் சாவியில் தொங்கிய
குட்டித் திசைகாட்டியைக் கழற்றிக்கொண்டு போனேன்.
முள் நடுங்கி நடுங்கி நின்ற இடம்
பழத்தோல் வாடைக்குக் கொஞ்சம் தள்ளி.
அங்கே ஒரு அம்பு போட்டான் சேர்வராயன்.
இப்போ சொல்லு, சேலம் எங்கே?
முதுகைத் திருப்பி நின்று யோசித்தான்.
"தெக்க. ஆனா கீழ."

பார்வையிட வந்தவர்
குறிப்பேட்டில் ஒரு வரியில் விரல் வைத்தார்.
'மூடுபனி இருந்தால்' என்று ஒரு கட்டம்
படிவத்தில் கிடையாதே அம்மா?
இல்லைங்க சார், இங்கே தேவைப்படுது என்றேன்.
அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாரா
அதன் மேலேயே போட்டாரா, இன்னும் தெரியவில்லை.

கடைசி நாள் நாலு நோட்டையும் கேட்டு வாங்கினேன்.
சிவப்பு மை அழியவில்லை. தாள்தான் கிழியப் பார்த்தது.
அதனால் ஒவ்வொரு பெருக்கல் குறிக்குப் பக்கத்திலும்,
பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் போடுவார்களே
அதுபோல,
சின்னதாகப் போட்டேன்:
கோ. சௌ.